மூட்டை யார் பக்கம்?

“மாஸ்டர், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் இவன் நான் நினைக்கிற பக்கம் போகணும். அதுக்கு ஏதாவது வழி பண்ணுங்க.”

வந்தவள் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைக் கொட்டிவிட்டாள். அவள் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மூட்டை. பெயருக்கேற்ற நாய்தான்.

நாய்களைப் பழக்குகிறவள் பெண்தான் என்றாலும், தெரு முழுக்க அவளுக்கு மாஸ்டர் என்றே பெயர். ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“முதல்ல தலையத் துவட்டுங்க. மழையில நனைஞ்சு நடுங்குறீங்க.”

“ஸ்வெட்டரக் காணோம் மாஸ்டர். நானும் வீட்டுக்காரரும் பிரியறோம், வீட்டுச் சாமானையெல்லாம் ரெண்டாப் பிரிச்சுக் கட்டிட்டு இருக்கோம். எது யார் பெட்டியில போச்சோ! எல்லாத்தையும் பிரிச்சாச்சு, இவனத்தான் பிரிக்க முடியல. என் நாத்தனார்தான் ஒரு யோசனை சொன்னாங்க. இவன நடுவுல நிறுத்தணும். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்னு கூப்பிடணும். யார்கிட்ட போறானோ அவங்களோடயே இருந்துக்கட்டும்னு.”

மாஸ்டருக்கு இந்தக் கதை தெரியும். நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து இவள் கணவரும் ஏறக்குறைய இதே சொற்களில் இதையேதான் கேட்டார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, “ஒரு பக்கம் சாஞ்சு நான் நாயப் பழக்கறதில்ல சார்” என்று அனுப்பிவிட்டாள். போன வேகத்தில் கொண்டுவந்த துணிப்பையை அவர் மறந்துவிட்டார். மேசைக்கடியில் கிடந்த அதை அவளும் பிரித்துப் பார்க்கவில்லை. மூட்டை உள்ளே வந்ததிலிருந்து அதைத்தான் முகர்ந்துகொண்டிருந்தான்.

அவர் வந்துபோனதை இவளிடம் சொல்ல முடியாது. நாயோடு வருகிறவர்கள் வீட்டுக் கதையையும் சேர்த்தே அவிழ்ப்பார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது, இரண்டு காதும் ஒரே வீட்டில் இருந்தாலும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

“நாய் தானா முடிவு பண்ணணும்மா. நான் நடுவுல புகுந்தா அது அழுகுணி ஆட்டம்.”

“இருந்துட்டுப் போகட்டுமே.” வந்தவள் ஒரு கட்டம்போட்ட சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “அவரோடது. இன்னும் துவைக்கல.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஒரு வாசனையைக் காட்டிக் காட்டி அதட்டினால், நாய்க்கு அந்த வாசனையே ஆகாமல் போய்விடும். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

“இந்தச் சட்டையக் கண்டா ஓடற மாதிரி பண்ண நாலு நாள் போதும். ஆனா அப்புறம் அவர் தடவிக் கொடுக்க வந்தாலும் இவன் நடுங்குவான். அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன்.”

“ஐயையோ, யாரு பயமுறுத்தச் சொன்னா? பாக்கெட்டப் பாருங்க, அவனுக்குப் பிடிச்ச பிஸ்கட் வச்சிருக்கேன். இந்த வாசனை வந்தாலே துள்ளிக்கிட்டு ஓடணும். நான் எதிர்ப்பக்கம் நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் என்கிட்ட வரக் கூடாது.”

மாஸ்டர் அவளையே பார்த்தாள். “அப்ப, அவர்கிட்டயா போகணும்?”

“தனியா இருக்கப்போற மனுஷன். இவன வெளிய கூட்டிட்டுப் போகணுமேன்னுதான் காலையில எழுந்திரிக்கறதே. வாயத் திறந்து பேசறதும் இவன்கிட்டதான்.”

“நீங்களே வச்சுக்கோங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா வாங்குவாரா? ‘எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்’பார். பன்னெண்டு வருஷமா எங்க வீட்டுச் சண்டையே அதான் மாஸ்டர், யாரு யாருக்கு விட்டுக்கொடுத்தாங்கன்னு. இந்தத் தடவ அவரே ஜெயிச்சதா இருக்கட்டும்.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கென்ன, நான் இருந்துப்பேன்.”

எந்தப் பக்கம் என்று நேற்று அவரிடம் கேட்கவே இல்லை என்பது மாஸ்டருக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு நாய் என்ன சொல்ல வருகிறது என்று அதன் காதையும் வாலையும் மணிக்கணக்கில் பார்த்திருப்பவள், ஒரு மனிதரை ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை.

மேசைக்கடியில் சரசரவென்று சத்தம். மூட்டை துணிப்பையைக் கவிழ்த்து, உள்ளே இருந்ததைக் கவ்வி இழுத்துவந்து வந்தவள் காலடியில் போட்டான்.

நீல ஸ்வெட்டர். அதன் இரண்டு பாக்கெட்டிலும் அதே பிஸ்கட் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“இது என்னோடது! பை அவரோடது ஆச்சே... மாஸ்டர், அவர் இங்க வந்தாரா? என்ன கேட்டார்?”

மாஸ்டர் குனிந்து, பிதுங்கிய பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து மூட்டைக்குக் கொடுத்தாள். ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் உடைப்பதில்லை என்பது அவளுடைய தொழில் தர்மம். மூட்டைக்கு அப்படி எதுவும் கிடையாது.