பை வாரில் ஊக்கு

சமூகப்பணி படிக்கும் எனக்கும் என் தோழிக்கும் பொது நூலகத்தில் களப்பயிற்சி. யாரையாவது தேடி வருபவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் "இல்லை" என்று சொல்லக் கூடாது என்பது பேராசிரியையின் கண்டிப்பு.

தினமும் மதியம் ஓர் அம்மா என்னிடம் வருவார்.

"என் பொண்ணு வந்தாளாம்மா? பச்சைச் சட்டை. பை வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பா."

"இன்னும் வரலம்மா. வந்தா உக்கார வைக்கிறேன்" என்பேன்.

இன்று பேருந்து நெரிசலில் என் பை வார் அறுந்தது. ஊக்கு குத்தும்போதுதான் சட்டை பச்சை என்பதே உறைத்தது.

தோழி காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஏதோ கோபம் என்று விட்டுவிட்டேன்.

மதியம் அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய்த் தோழியிடம் கேட்டார்.

தோழி, காலி இருக்கையைப் பார்ப்பதுபோல் என் நாற்காலியை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் வரலம்மா. வந்தா உக்கார வைக்கிறேன்."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.