ஆரஞ்சு அளவு

பெட்டியிலிருந்த கம்பளி நூலையெல்லாம் தவக்காலத்துக்குள் தீர்த்துவிடுவதாக அமலோற்பவம் நேர்ந்துகொண்டாள். அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்குத் தொப்பிகள். ஒவ்வொன்றையும் ஓர் ஆரஞ்சுப் பழத்துக்கு மாட்டித்தான் அளவு பார்ப்பாள். பெரிய வெள்ளியன்று மிஞ்சியது, அடியில் கிடந்த வெள்ளை நூல்கண்டு மட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில் பிறந்து பொழுது சாய்வதற்குள் போய்விட்ட அவள் பிள்ளைக்கு வாங்கியது. அந்தப் பிள்ளையை அவள் கணவர் சூசை கையில் வாங்கவேயில்லை. அந்த நூலையும் தொப்பியாகப் பின்னி முடித்துப் பழத்துக்கு மாட்டி வைத்தாள். ஒருசந்தி நோன்போடு கோயிலிலிருந்து திரும்பிய சூசை பழத்தை எடுத்தார்.

“பசிச்சா சாப்பிடுங்க. தொப்பிய மட்டும் கழட்டிடுங்க” என்றாள்.

அவர் கழட்டவில்லை. தலை நிற்காத பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் இன்னொரு கையையும் அடியில் கொடுத்து, மெதுவாக, உட்கார ஓர் இடம் தேடினார்.