கதவுக்கு வெளியே யார்

ஏசிக்கு நேர் கீழே தயாரிப்பாளர், அவருக்கு வலப்பக்கம் இயக்குநர், இத்தனை வருடமும் கதாசிரியை உட்கார்ந்த ஜன்னலோர நாற்காலியில் தயாரிப்பாளரின் மாப்பிள்ளை. அவளோ வாசலருகே பிளாஸ்டிக் ஸ்டூலில். நேற்று ஒளிபரப்பான தொடரில் ‘திரைக்கதை’ என்று மாப்பிள்ளையின் பெயர் வந்தது. அவள் பெயர் ‘உதவி’ என்று கீழே இறங்கிவிட்டது. “அடுத்த சீரியல்ல உன் பேரைப் பெருசாப் போட்டுடலாம்மா,” என்கிறார் தயாரிப்பாளர். அவள் நிமிராமல் எழுத்தாளர் சங்கத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறாள். கீழே படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகள் கொதிக்கின்றன. கதாநாயகி மேக்கப்போடு காத்திருக்கிறாள். யாரோ கதவைத் தட்டுவதோடு நேற்றைய காட்சி முடிந்தது. தட்டியது யாரென்று படம்பிடிக்கும் நாள் வரை கதாசிரியை யாரிடமும் சொல்வதில்லை.

“மாப்பிள்ளை சார், கதவுக்கு வெளிய யாரு?” என்கிறார் இயக்குநர். மாப்பிள்ளை மாமனாரைப் பார்க்கிறார். மாமனார் அவளைப் பார்க்கிறார்.

“நீயே சொல்லிடும்மா.”

“நான் வெறும் உதவிதானே சார்? எழுதினவரையே கேளுங்க.”

இயக்குநர் வந்த சிரிப்பை இருமலாக்குகிறார். அப்போது நிஜமாகவே கதவு தட்டப்படுகிறது. மூவரும் திடுக்கிட்டுத் திரும்புகிறார்கள். அவள் வரச்சொன்ன கூரியர்காரர். அவள் புகாரில் கையெழுத்திட்டு, மடித்து, உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, “இன்னைக்கே சேர்ந்துடணும்ணே,” என்று நீட்டுகிறாள். உறை படியிறங்கிப் போகிறது.