வலது பக்கத்து இருக்கை

"கதவைச் சாத்து டுவெய்ன். ஒரு இடுக்குகூட இருக்கக் கூடாது."

உள்ளே இருந்து புருஷன் லோவெலின் குரல் கேட்டதும், சாண்ட்விச் பொட்டலத்தோடு வந்த மார்லிஸ் வெளியிலேயே நின்றுவிட்டாள். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் விமானக் கொட்டகையைச் சாத்திக்கொண்டு இரண்டு ஆம்பிளைகளுக்கு என்ன ரகசியம்?

பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். லோவெல் எட்டு வருஷமாகத் தன் கையாலேயே கட்டிய குட்டி விமானம், மூன்று சக்கரத்துக்கும் அடியில் தலா ஒரு தராசோடு நின்றது. காற்று புகுந்தால் இறக்கை லேசாகத் தூக்கிக்கொள்ளும், எடை தப்பாகக் காட்டும். அதற்குத்தான் கதவைச் சாத்தினார்களா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

"காலி விமானத்தோட எடை முடிஞ்சுது. இப்ப அவளை ஏத்துனா எப்படி நிக்குதுன்னு பாத்துடலாம்," என்றான் லோவெல். "வலது சீட்டுல மணல் மூட்டையை வை. நூத்தி இருபது பவுண்டு."

வந்த மூச்சு நின்றது. நூற்று இருபதா? வீட்டிலிருந்த எடை மெஷினையே குப்பையில் கடாசியவள் மார்லிஸ். அவள் எடையைக் கேட்கும் தைரியம் லோவெலுக்கு இன்றுவரை வந்ததில்லை.

"அவ்வளவுதானா? நல்லா தெரியுமா உனக்கு?" என்றான் சிநேகிதன் டுவெய்ன்.

"அட, அவளே குடுத்த கணக்குப்பா!"

கொரின்! வேறு யார்? பக்கத்துக் கொட்டகைக்காரி, கொடி மாதிரி உடம்பு. ஞாயிற்றுக்கிழமை பான்கேக் விருந்தில் லோவெலின் தட்டுக்கு மட்டும் சிரப் தாராளமாக ஊற்றுகிறவள். எடையைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் வளர்ந்துவிட்டதா?

விரலெல்லாம் ஊசி குத்திக்கொண்டு அந்த இருக்கைக்கு உறை தைத்தது மார்லிஸ். முதல் சவாரி அந்தச் சிறுக்கிக்கா?

கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரு அவ?"

"மார்லிஸ், கதவை மூடு! காத்து வருது."

"காத்தா? இப்ப புயலே வரும்! உன்கூட முதல்ல பறக்கப்போறவ யாருன்னு சொல்லு!"

"நீதான். வேற யாரு?"

"என்கிட்டயே புளுகுறியா? நான் நூத்தி எழுபத்தி ரெண்டு பவுண்டு!"

கொட்டகை முழுக்கக் கேட்டது. டுவெய்ன் மணல் மூட்டையை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

லோவெலின் முகம் வெளுத்துவிட்டது. ஒருமுறை தராசைப் பார்த்தான், ஒருமுறை மனைவியைப் பார்த்தான்.

"அப்ப... டிரைவிங் லைசென்ஸுல எடை போடுற இடத்துக்கு நூத்தி இருபதுன்னு நீ எழுதிக் குடுத்தது?"