நகல் பெற்றவர்

பெரிய காஞ்சிபுரம் மருத்துவமனையின் ஆவண அறையில் லோகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரு வந்து இந்த ஃபைலக் கேட்டா குடுத்துடாதப்பா. தெரிஞ்சா ஒடிஞ்சி பூடுவாரு."

"பயப்படாதீங்கம்மா. நோயாளியத் தவிர யாருக்கும் தர மாட்டோம். சட்டமே அப்படித்தான் இருக்குது" என்றான் எழுத்தர் விமல்ராஜ்.

அவள் மேசையில் விரிந்திருந்த பதிவேட்டின் மேல் குனிந்தாள். "நோயாளியே அவருதாம்பா!"

"அப்போ உங்ககிட்ட நான் எதுவுமே சொல்லக் கூடாதும்மா." அவசரமாகப் பதிவேட்டை மூடப் போனான்.

அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். 'நகல் பெற்றவர்' என்ற இடத்தில் கணவர் கண்ணாயிரத்தின் கோணல் கையெழுத்து. போன வெள்ளிக்கிழமைத் தேதி.

அன்று சாயங்காலம்தான் அவர் தறியை விட்டு எழுந்து வந்து, மகளின் கல்யாணப் பேச்சை எடுத்து, "தீபிகா கல்யாணத்துக்குத் தை வரிக்கும் எதுக்கு லோகா? ஆவணியிலயே முடிச்சிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.