ஒரு காலுக்கான சாக்ஸ்

ஜெசிந்தா முதல் முறையாகப் பின்னிய சாக்ஸ் அது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை போட்டிருந்தாள். விரல் பக்கத்தை மூடி நூலைக் கத்தரித்ததுமே செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள்.

"அறுபத்திரண்டு பேர் சூப்பர்னு சொல்லிட்டாங்க!" என்றது செல்போன்.

"அது கிடக்கட்டும். என் ஜோடி எங்கே?" என்றது சாக்ஸ்.

"வரும், வரும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

மறுநாள் ஜெசிந்தா சாக்ஸையும் மிச்ச நூலையும் கூடையில் போட்டாள். அதே ஊசிகளில் நீல நூலை ஏற்றி ஒரு குல்லாவைத் தொடங்கினாள்.

சாக்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாம் உன்னால வந்த வினை! அவளுக்கு எத்தனை காலுன்னு அந்த அறுபத்திரண்டு பேர்ல ஒருத்தராவது கேட்டாங்களா?"

"சும்மா கத்தாதே. குல்லா பாதி முடிஞ்சிருச்சு. நான் படம் எடுக்கப் போகணும்."

மார்கழிக் குளிர் வந்தது. ஜெசிந்தா கூடையைத் துழாவி சாக்ஸை எடுத்தாள். வலது காலில் மாட்டினாள். வெறுமனே இருந்த இடது காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாக்ஸைக் கழற்றி, செல்போனை அதற்குள் செருகி மேஜைமேல் வைத்தாள்.

"அடடா, என்ன கதகதப்பு!" என்றது செல்போன்.

"எறங்குடா வெளியே!" என்று அலறியது சாக்ஸ். "உனக்குக் காலா இருக்கு?"

மேஜைக்கடியில், சில்லிட்ட சிமென்ட் தரையில், ஜெசிந்தாவின் இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன.