மாமனாரின் ஓட்டு

மருமகள் தேர்தலில் தில்லுமுல்லு செய்துவிட்டாள் என்பதில் மாமனாருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குதியாய்க் குதித்தார்.

"எனக்குப் பூஜ்யம். அந்த ஒல்லிப்பிச்சானுக்கு நாலு ஓட்டு. மிச்ச முந்நூறும் வெத்து ஓட்டாம். யார் காதுல பூ சுத்தறே?"

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்டவர். அதை வளர்த்துவரும் புரோகிராமர்கள்தான் வருஷா வருஷம் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வருஷா வருஷம் இவரே அமோகமாக ஜெயிப்பார்.

எதிர்த்து ஒருவராவது நிற்க வேண்டுமே என்பதற்காக, உதவிக் குறிப்பு எழுதும் ஒல்லிப்பிச்சான் நிற்பார். தான் நிற்பது அவருக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது.

மருமகளும் அந்த மொழிக்காக வேலை செய்பவள்தான். வலைத்தளம் அவள் பொறுப்பு. போன வாரம் இதே மேஜையில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"மாமா, நம்ம மொழி ஒரு வார்த்தை கேக்காம ஃபைலை அழிச்சுடுது. ஒரு பொண்ணோட ஆராய்ச்சி மொத்தமும் போயிடுச்சு, போன்ல அப்படி அழறா. 'அழிக்கவா?'ன்னு கேக்கிற மாதிரி நாமளே வெச்சுக் குடுத்துடலாம்."

"கேக்கணும்னா அவங்களே செட்டிங்ல மாத்திக்கட்டும். ஒரு வரிதானே."

"யாரும் மாத்த மாட்டாங்க மாமா. நாம எப்படி வெச்சுக் குடுக்கிறோமோ அப்படியே விட்டுடுவாங்க."

மாமனாருக்குச் சுருக்கென்றது. "என்னைத் தேர்ந்தெடுக்கிறவங்களை முட்டாளுங்கிறியா? அவங்க கையைப் புடிச்சு நடத்த வேணாம். எதுவானாலும் அவங்களே பார்த்துத் தேர்ந்தெடுப்பாங்க. இந்தத் தேர்தல்ல நான் தோத்தா, உன் இஷ்டப்படி மாத்திக்கோ."

"அப்ப தேர்தல் பக்கத்தையும் நீங்க சொல்ற மாதிரியே வெச்சுடறேன் மாமா."

"தாராளமா வெச்சுக்கோ," என்றார், காபியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே. வலைத்தளத்தில் ஓட்டுப் போடும் அந்தப் பக்கம் அவரே ஆதியில் எழுதியது. அதைத் திறந்த வேகத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது காற்றில் போயிருந்தது. சத்தம் கேட்டு, அதே மொழிக்குப் புரோகிராம் எழுதும் மகன் எட்டிப் பார்த்தான்.

"நான் எப்பவும் போல உங்களுக்குத்தாம்ப்பா போட்டேன்."

"கேட்டியா?" மாமனார் மருமகள் பக்கம் திரும்பினார். "உன் புருஷன் போட்டது எங்கே? அட, அவனை விடு. எனக்கு நானே போட்டேனே, அந்த ஓட்டு எங்கே போச்சு?"

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பேரப் பிள்ளைகள் வரைக்கும் சொல்லிச் சிரிக்கலாம் என்று தோன்றியது.

மருமகள் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க பேருக்கு நேரா டிக் பண்ணினீங்களா மாமா?"

"நான் எதுக்குப் பண்ணணும்? அதுலதான் எப்பவும் பண்ணியே இருக்குமே."